இன்னும் பதினாலு ஆகாத பெரிய ஆள்

முருகையா,

நீ சேலத்துக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் உன் அப்பா பேசிக்கொண்டே இருந்தார். நான் பேசவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாம்மா, ஒன்னுமே சொல்லாம அனுப்புற?" என்று கேட்டாய். கையை மட்டும் ஆட்டினேன். சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. இருபத்தாறு வயது ஆள், உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன், புதிதாகத் தொடங்கும் ஒரு விளையாட்டு விடுதிக்குப் பயிற்சியாளராகப் போகிறவன். அவனுக்குக் கால்பந்தைப் பற்றி ஒரு தையல் டீச்சர் என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தபோதுதான், உன்னிடம் வரப்போகிறவர்கள் பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள் என்பது மனதில் உறைத்தது. பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வயதுப் பிள்ளை ஒருவனைப் பற்றி நன்றாகத் தெரியும். அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான் என்று மடித்து வைத்துவிடாதே, உனக்குத் தெரியாத ஒரு பாதியும் அதில் இருக்கிறது.

நீ ஏழாம் வகுப்பு படித்த வருஷம். முழுப் பரீட்சை லீவில் நான் தைத்துக் கொடுத்த கால்சட்டை தீபாவளிக்குள் தொடைக்கு ஏறிவிட்டது. உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியைப் பிரித்துவிட்டேன். பொங்கலுக்குள் அதுவும் போதவில்லை. வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது குரல் உடைந்து, எல்லாரும் சிரித்து, அதற்கப்புறம் சில நாள் வீட்டில்கூட நீ வாயைத் திறக்கவில்லை. மேலுதட்டில் கருப்பு விழுந்தது. ரெட்டியார்பாளையத்து ரேஷன் கடைக்காரர் உன்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார். யாரையோ கேட்கிறார் என்று நீ பின்னால் திரும்பிப் பார்த்தாய். அன்றைக்கே மத்தியானம் இடி இடித்தது. வாசலில் நின்றவன் ஓடி வந்து, சின்ன வயதில் ஒளிந்துகொள்வாயே, அதே இடத்தில், என் தையல் மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ளப் பார்த்தாய். உடம்பு கொள்ளவில்லை. மிஷின் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. உன் முகத்தில் இருந்த திகைப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உன் உடம்பே உனக்கு யாரோ இரவல் கொடுத்த சட்டை மாதிரி இருந்தது. அதற்குள் எங்கே இருப்பது என்று நீ தேடிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சட்டையை ஊர் விரும்பியது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த முசே, பையன்களுக்குக் கால்பந்து டீம் வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் முசேதான். உன்னைப் பார்த்த முதல் நாளே முன்வரிசை நடுவில் நிறுத்தினார். நீ பந்தோடு ஓடினால் எதிரில் வருகிற பிள்ளைகள் உன்மேல் மோதித் தாமாகவே விழுந்தார்கள். கடலூர்ப் பையன்களோடு நடந்த ஆட்டத்தில் அந்தப் பக்கத்து அம்மா ஒருத்தி, "அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ள இருக்கும்யா, அவன எறக்கி உட்டிருக்கீங்களே" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். உன் அப்பாவுக்கு அதில் கோபமும் பெருமையும் சேர்ந்தே வந்தன. அதற்கப்புறம் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் பதிந்த உன் பிறப்புச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்க்க வருவார். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். கேட்காதவர்களுக்கும் காட்டுவார்.

உன் வகுப்பில்தான் அந்துவானும் இருந்தான். உனக்கும் அவனுக்கும் பிறந்த நாள் ஒரே மாதம். பக்கத்தில் நின்றால் சித்தப்பாவும் பிள்ளையும் மாதிரி இருப்பீர்கள். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நீயே வந்து சொல்வாய். ஆனால் முசே அவனை உள்ளே இறக்கமாட்டார். "காத்தடிச்சா பறந்துடுவான், அப்பறம் பாக்கலாம்" என்பார். கெட்ட மனசில் சொன்னதில்லை. அன்றைக்கு ஜெயிக்க வேண்டும், அன்றைக்கு ஜெயிக்கிற உடம்பு உன்னுடையதாக இருந்தது. ஒருத்தன் உடம்பைப் பார்த்து உட்காரவைத்தார்கள், ஒருத்தன் உடம்பைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது.

பிறகு வெளியூரிலிருந்து ஆள் வந்து உன்னைப் பார்த்தது, அந்தப் பெரிய விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது, மில்லில் உன் அப்பாவோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து உன் முதுகில் தட்டிவிட்டுப் போனது எல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே இருந்தவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். உன் வயதுப் பையன்களோடு உன்னைச் சேர்த்திருந்தால் ஒருவேளை எல்லாம் சரியாகப் போயிருக்கும். "இவன் ஆம்பள, தாங்குவான்" என்று பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களோடு போட்டார்கள். அவர்கள் ஓடுகிற ஓட்டம், தூக்குகிற பாரம், இரவில் அறைக்குள் பேசுகிற பேச்சு எல்லாமே உனக்கும் என்று ஆயிற்று. பொங்கலுக்கு வந்தபோது நீ கரும்பைக்கூடத் தொடவில்லை. பகலெல்லாம் தூங்கினாய். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றினாய். "இன்னாடா கால்ல?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லம்மா. வலிய வெளிய காட்டக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு" என்றாய். ஒன்றும் இல்லை என்பதும் வலி என்பதும் ஒரே வாயில் வந்ததை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனாலும் லீவு முடிந்ததும் நீ போய்விட்டாய்.

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் திடீரென்று மிஷினை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்கள். ஒரு பெரிய ஆள் தகரப் பெட்டியோடு நிற்க, அவன் தோளைப் பிடித்தபடி வாட்ச்மேன் நின்றார். "யாரப் பாக்கணும்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு டீச்சர். பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம், உள்ள வரலாமா?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ, "எங்கம்மா" என்றாய். அந்தக் கட்டைக் குரலில் அந்த ஒரு சொல். உன்னை வேப்ப மரத்தடிக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் கொடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாய். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய் போல. நான் ஒன்றும் கேட்காமல் இருந்ததும் நீயாகவே சொன்னாய்:

"எனக்கு இன்னும் பதினாலுகூட ஆவலம்மா. சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க."

நீ அழுதாய். ஜன்னல் வழியாக என் மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீசை வைத்த ஆள் ஒருவன் டீச்சர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுவது அவர்களுக்கு விநோதமாக இருந்திருக்கும். எனக்கு அப்படி இல்லை. வெகு நாளைக்கப்புறம் என் பிள்ளையை அவனுடைய சரியான அளவில் பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முட்டிக்குக் கீழே புடைத்திருந்த இடத்தை அந்த டாக்டரம்மா விரலால் அழுத்தியபோது நீ கத்தவில்லை, பல்லைக் கடித்தாய். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும், அப்பத்தான் எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். வலிக்கிறது என்று சொல்ல அனுமதி உண்டா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். எலும்பு வேகமாக வளர்கிற காலம், முட்டிக்குக் கீழே அது இன்னும் இளசு, தொடைத் தசை அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகும். "ஒடம்பப் பாத்து ஏமாந்துட்டாங்க. இது சின்னப் புள்ள காலு. இதுக்குப் பெரியவங்க வேலையக் குடுத்திருக்காங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். நீ சீக்கிரம் வளர்ந்துவிட்டாய், மற்றப் பையன்கள் மெதுவாக வருவார்கள், ஆனால் வந்துவிடுவார்கள், அப்போது நீ இதே உயரத்தில் நிற்பாய், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள் என்றார். அதை நீ காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பாதிக்கு வருகிறேன். உன் அப்பா விடுதிக்குப் போனாரே, நீ விட்டுவந்த சாமான்களை எடுத்துவர மட்டும்தான் போனார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் போனது உன் இடத்தைக் காப்பாற்ற. "கால் சரியாவுற வரைக்கும் டைம் குடுங்கன்னு கால்ல விழுந்தாவது கேக்கறேன், இந்த மாதிரி எடம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மறுபடி கெடைக்குமா?" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். எனக்கும் அவருக்கும் அன்றைக்கு வாக்குவாதமே நடந்தது. மறுநாள் சாயங்காலம் உன் மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"பாத்தா பதினெட்டு மாதிரி இருக்கான், ஒடம்பு இருக்குது, வேல வாங்குறோம், இதுல இன்னா தப்புன்னு கேட்டாரு அந்த சாரு" என்றார். "நான் மெத்தையச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

ஏன் என்று கேட்டதற்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னிடம்கூடச் சொல்லாதது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவரை மில்லில் சேர்த்தபோது அவருக்கு அப்போதைய உன் வயதுதானாம். உன்னை மாதிரியே முந்தி வளர்ந்த உடம்பு. அவருடைய அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போய் நிறுத்த, மேஸ்திரி மேலும் கீழும் பார்த்து, "ஒடம்பு இருக்குது, மூட்ட தூக்கட்டும்" என்றாராம். அதே சொல். கூடவே சேர்ந்த மற்றப் பிள்ளைகள் பெருக்குவதும் நூல் கட்டைகளைப் பொறுக்குவதுமாக இருக்க, இவருக்குப் பஞ்சு மூட்டை. "மத்தியானம் சோறு தின்ன உக்காந்தா அழுவ வரும். மூட்ட தூக்குற ஆளு அழுதா சிரிப்பாங்கன்னு அழுவல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ வந்ததும், "வாடா, சாப்புடலாம்" என்று உன்னைக் கூப்பிட்டார். அப்பா கோபத்தில்தான் சில வாரம் சரியாகப் பேசவில்லை என்று நீ ஒரு தடவை என்னிடம் சொன்னாய். அது கோபம் இல்லையப்பா. அவர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒரு பையனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எமர்ஜென்சி வந்த வருஷம் முழுக்க நீ பந்தைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் போனாய், தூங்கினாய், தெருவில் உன் முட்டி உயரம் இருக்கிற பிள்ளைகளோடு கோலி ஆடினாய். அக்கம்பக்கத்தில் "இம்மாம் பெரிய ஆளுக்குக் கோலி ஒரு கேடா" என்று பேசினார்கள். ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். விடுதியில் தொலைத்துவிட்டு வந்ததை நீ திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தோன்றியது. அந்துவான் சைக்கிளில் வருவான். இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் இருட்டுவதற்குள் வருவீர்கள். முட்டி வலி எப்போது போயிற்று என்று உனக்கே தெரியாது. ஒரு நாள் கையை ஊன்றாமல் எழுந்தாய். நான் பார்த்தேன்.

மறுபடி முசேயிடம் போனபோது டாக்டரம்மா சொன்னது நடந்தது. மற்றப் பையன்கள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். நீ மோதினால் யாரும் விழவில்லை, சில சமயம் நீதான் விழுந்தாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அதே ஆட்கள் ஓரத்தில் நின்று, "பழைய வேகம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டார்கள். நீ பழைய வேகத்தோடுதான் ஓடினாய் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் உன்னைப் பெரிய வீரன் என்று சொல்லி, பதினாறில் தேய்ந்துபோனவன் என்று சொன்னார்கள். அந்துவானோ தென்னங்கன்று மாதிரி கிளம்பியிருந்தான். முசேயின் டீமில் இப்போது அவன்தான் முதல் பெயர். உனக்குப் பொறாமை வரும் என்று பயந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னாயே, அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

"அந்துவான் சின்னவனா இருந்தப்ப இடிக்க முடியாதுல்லம்மா, அதனால தப்பிக்கக் கத்துக்கிட்டான். யாரு எங்க நிக்கறாங்கன்னு பாத்துக்கினே இருப்பான். நான் இடிக்க மட்டுந்தான் கத்துக்கிட்டேன். யாரும் எனக்கு வேற ஒன்னும் கத்துக் குடுக்கல. அதான் அவங்கிட்ட கேட்டுக் கத்துக்கறேன்."

அன்றைக்கு எனக்கு உன்மேல் இருந்த கவலை விட்டது. அதற்கப்புறம் நீ முன்வரிசையிலிருந்து பின்னால் வந்து நடு மைதானத்தில் ஆடியது, பந்தை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிறவனாக ஆனது, புதுச்சேரி அணியில் சில ஆட்டம் இறங்கியது எல்லாம் பெரிய புகழ் இல்லைதான். அந்துவான் பிரான்சுக்குப் போய் ஆட்டத்தையே விட்டுவிட்டான். ஆனால் நீ இந்த வயதிலும் சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போது சிரித்துக்கொண்டுதான் போகிறாய். போன வருஷம் எதிர் வீட்டு டி.வி.யில் உலகக் கோப்பை பார்த்தபோது, தெருப் பிள்ளைகளுக்கு யார் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று நீ காட்டிக்கொண்டிருந்தாய். கோல் போடுகிறவனை எல்லாரும் பார்த்தார்கள், உன் விரல் பந்து இல்லாதவனைக் காட்டியது. உன்னோடு அந்த விடுதியில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆசையோடு ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ ஆடுகிறாய். உன் அப்பா அன்றைக்கு மெத்தையைச் சுருட்டாமல் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆகவே, முருகையா, உன்னிடம் வருகிற பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பதற்கு முன்னால் வயதைக் கேள். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், சொன்னதற்காக முதலில் அவனைப் பாராட்டு. மீசை முளைத்தவனைத் தனியாக ஒரு அறையில் பெரியவர்களோடு போடாதே, அவன் இன்னும் இடிக்குப் பயப்படுகிறவனாக இருக்கலாம். பெரியவனுக்குத் தப்பிக்கக் கற்றுக்கொடு. சின்னவனுக்கு ஆட இடம் கொடு, அவன் வளரும்வரை அவனைப் பெஞ்சில் காக்கவைக்காதே. ஒருநாள் ஆடப் பிடிக்கவில்லை என்று சொல்கிற பிள்ளைக்குச் சோம்பேறி என்று பெயர் வைக்காதே. வயிறு நிறையச் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா என்று பார். உனக்கு மேலே இருக்கிறவர்கள் கோப்பை கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அதற்கும் இதற்கும் நடுவில் நிற்பதுதான் உன் வேலை என்று நினைக்கிறேன். அது சுலபம் என்று நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று வந்த ஒரு அம்மா. கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கூடையோடு நம் வீட்டைத் தேடி வந்தாள். நீ இங்கே வைத்த தேர்வில் பன்னீர் என்று ஒரு பையனை எடுத்தாயாமே, அவனுடைய அம்மா. அவனும் கூட வந்திருந்தான். பன்னிரண்டு வயது என்றாள், பார்த்தால் ஒன்பது மாதிரி இருக்கிறான். "இவ்ளோண்டு புள்ள. பெரிய பசங்க மிதிச்சுட மாட்டாங்களா? இவன இன்னாத்துக்கு எடுத்தாரு உங்க புள்ள?" என்று கேட்டாள். தெரிந்துதான் எடுத்திருப்பான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. காப்பி குடித்துவிட்டு, கூடையைத் தூக்கப் போனவள், பையன் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், அங்க புடிக்கலன்னா திரும்பி வந்துடலாமா? உங்க புள்ள கோச்சிக்க மாட்டாரா?"

"வரலாம்" என்றேன். "அவனே கூட்டிக்கிட்டு வந்து பஸ் ஏத்தி உடுவான். மறுபடி ஆடணும்னு தோணிச்சுன்னா மறுபடியும் போவலாம். அதுக்கும் கோச்சிக்க மாட்டான்."

உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் கூடையிலிருந்து நல்ல மீனாக ஒன்றை எடுத்து, வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல வைத்துவிட்டுப் போனாள். பையன் வாசலைத் தாண்டியதும் கீழே கிடந்த தென்னங்குரும்பையை இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே அவளுக்கு முன்னால் ஓடினான். தெருமுனை வரைக்கும் அது அவன் காலைவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவர்கள் வருகிறார்கள். பன்னீருக்குப் பஸ்ஸில் வாந்தி வருமாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள். இறங்கியதும் அவனை முதலில் நிழலில் உட்காரவை.

அம்மா